எக்ஸ்ரே அறையில் நீ நிற்கும் தூரம்

நஸ்ரினுக்கு அத்தா எழுதுவது. உன் மேலும் உன் வீட்டார் மேலும் சலாம் உண்டாகட்டும்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நான் கடையைத் திறந்த நேரத்தில் நீ வந்தாய். வண்டிக்காரர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தா, மாமி வேலைய உட்டுடச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாய். அந்த நேரம் பார்த்து ஒருவர் கிழிந்த சீட்டோடு ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஒரு சீட்டைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் திரும்பி வந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. அன்றிலிருந்து எந்த சீட்டைத் தைத்தாலும் உன் கேள்விதான் காதில் கேட்கிறது. இரண்டு கவர்களை அளவு தப்பி வெட்டிவிட்டேன். உன் அம்மா என்னைப் பார்த்து, "என்னா, கடையில யாரோடயாவது சண்டையா?" என்கிறாள்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாம்தான். முத்தியால்பேட்டையிலிருந்து உன் மாமியார் வீடு இருக்கும் தவளக்குப்பம் என்ன வெளிநாடா? ஆனால் நம் வீட்டில் நேரில் பேசினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நான் குரலை உயர்த்துவேன், நீ கண் கலங்குவாய், உன் அம்மா நடுவில் புகுந்து இரண்டு பேரையும் அதட்டிவிட்டு டீ போடப் போவாள். சொல்ல வந்தது அப்படியே நிற்கும். அதனால் எழுதுகிறேன். எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுமையாகப் படி.

நீ இந்த எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தபோது, இதுவும் போட்டோ ஸ்டூடியோ மாதிரி ஒரு வேலை என்றுதான் நான் நினைத்தேன். ஆளை நிற்கவைத்து, விளக்கைப் போட்டு, படம் எடுத்து அனுப்புகிற வேலை. அதற்கு எதற்கு மூன்று வருடப் படிப்பு, இத்தனை தடியான புத்தகம் என்று உன் அம்மாவிடம் முணுமுணுத்தேன். பிறகு நீ கல்லூரி முடிந்து வரும் வழியில் கடையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாய். வீட்டில் அமைதியாக இருந்தால் தூக்கம் வருகிறது, தையல் மிஷின் சத்தத்தில்தான் படிப்பு ஏறுகிறது என்று உன் கட்சி. நீ படிப்பது என் காதில் விழும். எனக்கோ எதைக் கண்டாலும் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். முதல் நாளே கேட்டேன். "ஏம்மா, படம் எடுத்து முடிச்ச பிறகு அந்தக் கதிர் ரூம்லயே சுத்திக்கிட்டு இருக்குமா? ஜன்னலத் தொறந்து உட்டாத்தான் போவுமா?" நீ புத்தகத்தை மூடிவைத்துச் சிரித்தாய். "அத்தா, லைட்ட அணைச்சா வெளிச்சம் ரூம்ல தங்குமா? அந்த மாதிரிதான் இதுவும். சுவிட்ச உட்டா கதிரும் இல்ல. செவுத்துலயும் ஒட்டாது, ஆளு மேலயும் ஒட்டாது." எத்தனை வருடமாக எக்ஸ்ரே அறையைத் தாண்டும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன் என்று அன்று உன்னிடம் நான் சொல்லவில்லை.

அந்தக் கதிர் எங்கிருந்து வருகிறது என்று நீ சொன்னது எனக்கு அதைவிட அதிசயம். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் காற்றே இல்லாமல் உறிஞ்சிவிடுகிறார்கள். ஒரு பக்கம் மெல்லிய கம்பி சூடாகிறது. அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை மின்சாரம் இழுத்துக்கொண்டு போய் எதிரே இருக்கும் டங்ஸ்டன் தகட்டில் அடிக்கிறது. ஓடி வந்தது சட்டென்று தடுத்து நிறுத்தப்படும்போது அதன் வேகத்தில் ஒரு பங்கு கதிராகத் தெறிக்கிறது. "எல்லாமே கதிரா ஆயிடுமா?" என்று கேட்டேன். "எங்க அத்தா, நூத்துக்கு ஒண்ணுதான் கதிர். மிச்சமெல்லாம் சூடாப் போயிடும்" என்றாய். எனக்கு ஆறவே இல்லை. நூறு அடி ரெக்சினில் ஓர் அடியை மட்டும் தைத்துவிட்டு மீதியைக் குப்பையில் போட்டால் நான் கடையை இழுத்து மூடவேண்டியதுதான். இவ்வளவு படித்தவர்கள் இப்படி வீணடிக்கிறார்களே என்று இரண்டு நாள் அங்கலாய்த்தேன்.

எக்ஸ்ரே மிஷினில் கதிருக்கு வைக்கும் கேவி, எம்ஏஎஸ் அளவுகள் என்று நீ ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது நினைவிருக்கிறதா? உன் வாத்தியார் சொன்னது உனக்குப் புரியவில்லை, நீ சொன்னது எனக்குப் புரியவில்லை. கடைசியில் நான் என் மிஷினைக் காட்டித்தான் கேட்டேன். தடித்த ரெக்சினைத் துளைத்துக்கொண்டு போக ஊசிக்கு ஒரு பலம் வேண்டும், அதுதான் கேவியா? ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுகிறது என்பது எம்ஏஎஸ்ஸா? நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட அதான் அத்தா. பரீட்சையில அப்படியே எழுதிட்டு வந்துடறேன்" என்றாய். எலும்பு ஏன் வெள்ளையாக விழுகிறது என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். எலும்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கதிரைப் பிடித்து நிறுத்திவிடும், கதிர் வந்து சேராத இடம் வெள்ளையாக நிற்கும், நுரையீரலில் பெரும்பாலும் காற்றே இருப்பதால் கதிர் பாய்ந்துபோய்க் கறுக்கும் என்றாய். அதாவது நாம் ஆர்வமாக உற்றுப் பார்க்கும் வெள்ளை என்பது ஒன்றுமே வந்து விழாத இடம். அன்று முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் சீட் கவரை வாங்காமலேயே போய்விட்டார்.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து உலுக்கியது அந்த டார்ச் விளையாட்டுதான். சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. மிஷின் ஓடவில்லை, உனக்குப் படிப்பு ஓடவில்லை. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்று நீ சொன்னாய். "அது எப்படி? ரெண்டு மடங்கு தள்ளிப் போனா பாதியாத்தானே குறையணும்?" என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீ ஒரு ரெக்சின் துண்டில் சதுரமாக ஓட்டை வெட்டி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்தாய். முதலில் ஓர் அட்டையை அந்த ஓட்டையோடு ஒட்டிப் பிடித்தோம். பிறகு டார்ச்சிலிருந்து இரண்டு சாண் தூரத்துக்கு நகர்த்தினோம். விழுந்த வெளிச்சத்தை நான் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டேன். நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு. என் கைக்குத் தெரியாத கணக்கா இது? நாலு துண்டு. ஒரு துண்டுக்கு வந்த அதே வெளிச்சத்தை இப்போது நாலு துண்டு பங்கு போட்டுக்கொள்கிறது. மூன்று சாணுக்குப் போனால் ஒன்பது துண்டு. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "அப்ப ஓர் அடி பின்னால நகந்து நின்னாலே இவ்ளோ குறையுதா?" என்றேன். "அதுக்குத்தான் அத்தா சொல்றோம். கிட்ட நிக்கற நேரத்தக் குறை, தள்ளி நில்லு, நடுவுல ஈயம் வையி. எங்க பாதுகாப்பு மொத்தமும் இந்த மூணுதான்" என்றாய். கரண்ட் வந்த பிறகும் நான் அந்த அட்டையை விடவில்லை.

நீ வேலைக்குப் போன பிறகு நான் இன்னும் மோசமானேன். நீ எங்கே நிற்கிறாய், எப்படி நிற்கிறாய் என்று தோண்டித் துருவினேன். படம் எடுக்கும்போது நீ ஈயம் பதித்த சுவருக்கு அந்தப் பக்கம், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் பொத்தானை அழுத்துகிறாய் என்று கேட்டு மனம் குளிர்ந்தது. பிறகு ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் சி-ஆர்ம் மிஷினைப் பற்றிச் சொன்னாய். அங்கே சுவர் கிடையாது, டாக்டர் எலும்பில் ஆணி வைக்கும்போது கூடவே நின்று கதிரைப் போட்டுப்போட்டுக் காட்டவேண்டும். உன் மேல் படுவதில் பெரும்பகுதி அந்தக் குழாயிலிருந்து நேராக வருவதில்லை, படுத்திருக்கும் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருவது என்று நீ சொன்னாய். "அப்ப நோயாளியே கதிர் உடறாரா?" என்றேன். "சுவிட்ச் போட்டிருக்கற வரைக்கும்தான் அத்தா. செவுத்துல அடிச்ச பந்து நாலாப் பக்கமும் தெறிக்கற மாதிரி. அதுக்குத்தான் ஈய ஏப்ரன் போட்டுக்கறோம்" என்றாய்.

ஏப்ரன் என்றதும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொள். நீ லீவில் இருந்த வாரம் உங்கள் ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் இடுப்பு வார் பிய்ந்த ஏப்ரனை என் கடைக்கே கொண்டுவந்தார். என் மகள் போடுகிற கவசம் என் கைக்கு வந்திருக்கிறது, சும்மா விடுவேனா? வாரை மட்டும் தைத்து அனுப்பியிருந்தால் பிரச்சினையே இல்லை. நான் கதிரை அளக்கும் பேட்ஜ் வைக்க வசதியாக இருக்கட்டும் என்று நெஞ்சுக்கு நேராக ஒரு பையும் வைத்து, பலமாக இருக்கட்டும் என்று தடித்த ஊசியால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் நீ போனில் ஒரு படம் அனுப்பினாய். ஏப்ரனைக் கதிரில் வைத்துச் சோதித்த படம். ஈயம் வெள்ளையாக நிற்க, அதன் நெஞ்சில் இரண்டு வரிசை கறுப்புப் புள்ளிகள், எறும்பு வரிசை மாதிரி. அடுத்த நொடி போன். "அத்தா! ஈயத்துல போயி ஊசி போட்டுருக்கீங்க! மடிச்சு வெச்சாலே வெடிப்பு உடும்னு நாங்க தொங்க உட்டு வெக்கறோம்!" அந்த ஏப்ரனை ஒதுக்கிவிட்டார்கள். ஆனாலும் சொல்கிறேன், என் தையல் அவ்வளவு நேராக விழுகிறது என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

பேட்ஜ் விஷயத்தில் உன் மாமியும் நானும் ஒரே கட்சி. நீ சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சின்ன அட்டையை என்னைப் போலவே அவரும் கதிரைத் தடுக்கும் தாயத்து மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் நீ அதை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாய் என்று பதறி, "அத மாட்டாமயா உள்ள நின்ன?" என்று கேட்டாராம். நீ விளக்கினாய், அது எதையும் தடுக்காது, எவ்வளவு பட்டது என்று நினைவில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பொடியைச் சூடுபடுத்தினால் வாங்கின கதிருக்கு ஏற்ப ஒளிவிடும், அந்த ஒளியை அளந்து கணக்குச் சொல்வார்கள் என்று. மாமிக்கு ஏமாற்றம், எனக்கு ஆச்சரியம். நீ எப்போதோ, எங்கேயோ நின்றதை ஒரு பொடி மறக்காமல் வைத்திருந்து பிறகு ஒளியாகத் திருப்பித் தருகிறது என்றால் அது சாதாரண விஷயமா?

இவ்வளவு நேரம் சுற்றி வந்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நல்ல செய்தி சொன்னாய். நீ, மருமகன், மாமி, உன் அம்மா, நான். ஐந்து பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் முடியும் வரை வெளியில் மூச்சுவிடக் கூடாது, கண்ணேறு பட்டுவிடும் என்று மாமி சொன்னார். உன் அம்மா தலையாட்டினாள். நானும் என் பங்குக்கு, "வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு, யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் இப்படித்தான். எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. மாமிக்குக் கதிரென்றால் பயம், அதனால் வேலையை விடச் சொல்கிறார். நீ என்னிடம் கேட்ட கேள்வியும் அதுதான், வேலையை விடுவதா வேண்டாமா. நான் பதில் தேடியதும் அதற்குத்தான். தேடிக்கொண்டிருந்தபோதுதான் வேறொன்று குறுக்கே வந்து நின்றது.

மணிக்கூண்டுப் பக்கம் நான் ஸ்கூட்டரோடு விழுந்து மணிக்கட்டு வீங்கி, உன் ஆஸ்பத்திரிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனே, அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு முன்னால் ஒரு புதுப்பெண், கழுத்தில் மஞ்சள் கயிற்றின் நிறம்கூட மங்கவில்லை. இடுப்பு வலி என்று படம் எடுக்க வந்திருந்தாள். கூடவே மாமியார். நீ கதவருகே நின்று, "கர்ப்பமா இருக்கீங்களா? நாள் தள்ளிப் போயிருக்கா?" என்று கேட்டாய். அந்தப் பெண் மாமியார் முகத்தைப் பார்த்தாள். மாமியார், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நீ எடு" என்றார். நீ எடுக்கவில்லை. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று அந்த அம்மாளை என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, படம் எடுக்காமலே அந்தப் பெண்ணை டாக்டரிடம் திருப்பி அனுப்பினாய். மாமியார் சண்டைக்கு வந்தார். நீ அசையவில்லை. நான் வீக்கத்தை மறந்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது, மகளே. பிறகு நீ என்னைக் கூப்பிட்டு, மற்றவர்களிடம் சொல்வதுபோலவே, "கைய ஆட்டாம வைங்க" என்றாய்.

வெட்டின ரெக்சின் கையில் இருக்க, இதை நினைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றேன். வருகிற பெண்கள் எல்லாரிடமும் நீ கேட்கிறாயே அந்தக் கேள்வி, அதை உன்னிடம் அங்கே யார் கேட்டார்கள்? உடனே உனக்குப் போன் போட்டேன். "ஆஸ்பத்திரியில சொல்லிட்டியா?" என்றேன். "எத அத்தா?" என்றாய். "வயித்துல இருக்கறத." "இல்ல அத்தா. மூணு மாசம் ஆவட்டும்னு மாமி சொன்னாங்களே. நீங்களுந்தான சொன்னீங்க? நான் பாத்துக்கறேன். தள்ளித்தான் நிக்கறேன்." "தியேட்டர் டியூட்டி?" என்று கேட்டேன். "வருது. மாத்தச் சொன்னா ஏன்னு கேப்பாங்க இல்ல" என்றாய். இவ்வளவும் படித்து, ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறவள், எங்கள் மூன்று பேர் வாய்க்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டு தியேட்டரில் நிற்கிறாய்.

கர்ப்பமான டெக்னீஷியன்களைப் பற்றி நீ படித்ததும் நான் கடையில் இருக்கும்போதுதான். "வயித்துல இருக்கற பிள்ள இந்த வேலைக்கு ஒத்துக்கல இல்ல அத்தா? அதனால எங்களுக்கு வெச்சிருக்கற அளவு அதுக்குக் கெடையாது. ரோட்ல போற ஆளுக்கு எவ்ளோ குறைவா வெச்சிருக்காங்களோ, அதான் பிள்ளைக்கும்" என்றாய். எவ்வளவு நியாயமான சட்டம் என்று நான் கையைத் தட்டினேன். டியூட்டியை மாற்றிக் கொடுப்பார்கள், நோயாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லமாட்டார்கள், வயிற்றருகே இன்னொரு பேட்ஜ் கொடுக்கிற இடங்களும் உண்டு என்றாய். "சொல்லலன்னா?" என்று கேட்டேன். "சொல்லலன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்? மத்தவங்க மாதிரிதான் நடத்துவாங்க" என்றாய். உறுப்புகள் உருவாகிற முதல் மாதங்களில்தான் ரொம்பப் பத்திரமாக இருக்கவேண்டும் என்றும் அப்போதுதான் சொன்னாய். யோசித்துப் பார். புத்தகம் எந்த மாதங்களில் வாயைத் திறக்கச் சொல்கிறதோ, அதே மாதங்களில்தான் நாங்கள் உன் வாயைப் பொத்தினோம். உன் மாமி கதிருக்குப் பயந்தார், நான் கண்ணேறுக்குப் பயந்தேன். நீ எங்கள் மனம் நோகுமே என்று பயந்தாய். குழந்தைக்காகப் பயப்பட ஆளில்லாமல் போய்விட்டது.

இன்று காலை கடையைத் திறக்காமல் நேராகத் தவளக்குப்பம் போனேன். நீ டியூட்டிக்குப் போயிருப்பாய் என்று தெரிந்தே போனேன். உன் மாமி வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் குழாய், டங்ஸ்டன், சிதறல், தூரம் என்று என் பாடத்தைத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "சம்மந்தி, அதெல்லாம் எனக்கு ஏறாது. சொன்னா பிள்ளைக்கு நல்லதா, சொல்லாட்டி நல்லதா? அத மட்டும் சொல்லுங்க." "சொன்னாத்தான் நல்லது" என்றேன். "இத உங்க பொண்ணு எங்கிட்ட சொல்லவேயில்லியே" என்றார். "நாம சொல்லாதன்னு சொல்லிட்டோம், அவ என்ன பண்ணுவா?" என்றேன். கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப ஒடனே சொல்லட்டும். ஊர்ல சொல்றதுக்குத்தான் மூணு மாசம். காப்பாத்தறவங்ககிட்ட என்னா மறைப்பு?" என்றார். நான் கண்ணேறைப் பற்றி ஆரம்பித்தேன். "துஆ ஓதி ஊதிக்கலாம், நீங்க போங்க" என்று என்னைத் துரத்திவிட்டார். வேலையை விடுகிற பேச்சை மட்டும் அவர் விடவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த அப்புறத்துக்கு நீதான் பதில் சொல்லவேண்டும், நானோ மாமியோ இல்லை.

ஆனாலும் நீ என்னைக் கேட்டாய், அதனால் சொல்கிறேன். வேலையை விடாதே. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வேலை செய்கிறவளுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை என்று நீயே எனக்குப் புரியவைத்திருக்கிறாய். மாடியில் காயப்போட்ட துணி எடுக்கப் போனாலும் வானத்திலிருந்து ஒரு துளிக் கதிர் நம் மேல் படுகிறது, நாம் சாப்பிடுகிற வாழைப்பழத்திலும் இருக்கிறது, நம் உடம்புக்குள்ளேயும் இருக்கிறது என்றாய். அதைக் கேட்டு நான் ஒரு வாரம் வாழைப்பழம் சாப்பிடாமல் இருந்து உன்னிடம் திட்டு வாங்கினேன். கதிரே இல்லாத இடம் என்று உலகத்தில் ஒன்று இல்லை, எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதுதான் உங்கள் தொழில் என்று எனக்குப் புரிகிறது. முற்றிலும் ஒன்றும் ஆகாது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது என்பதையும் நீ மறைக்கவில்லை. எனக்குப் பயம் போகவில்லை, நஸ்ரின். பயம் இருக்கிறது. ஆனால் உன்னை வீட்டில் உட்காரவைத்தால் அடுத்த புதுப்பெண் வரும்போது அவள் மாமியாரை வெளியே அனுப்ப யார் இருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியவேண்டும் அல்லவா? உடம்பு முடியாமல் போனால் லீவு போடு. ஓய்வு வேண்டுமென்றால் எடு. பயத்துக்காக மட்டும் விடாதே.

இந்தக் கடிதம் மாலையில் மருமகன் கையில் உனக்கு வந்து சேரும். நாளை டியூட்டிக்குப் போனதும், ஏப்ரனைத் தொடுவதற்கு முன்னால், உங்கள் பெரிய டெக்னீஷியனிடம் போய்ச் சொல்லிவிடு. எழுதிக் கொடுக்கச் சொன்னால் எழுதிக் கொடு. தயங்கினால், எதிரே நிற்பது நீ இல்லை, யாரோ ஒரு பெண், அவளிடம் நீ கேட்கிறாய் என்று நினைத்துக்கொள். சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு போன் போடு. மிஷின் சத்தத்தில் கேட்காது, எடுக்கிற வரைக்கும் அடி. ஏனென்றால் நானும் ஒரு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களிடம் ரெக்சின் நிறத்தைப் பற்றியே பேசிப் பேசி அலுத்துவிட்டது. ஊருக்குச் சொல்ல இன்னும் நாள் இருக்கிறது, அதற்கு நான் காத்திருப்பேன். ஆனால் நாளை உன் போன் வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே நின்று, எனக்குக் கேட்கிற அளவுக்கு ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கப்போகிறேன். நான் தாத்தா ஆகப்போகிறேன்.

உன் அத்தா